அத்தையின் ரீலுக்கு மேனேஜர் ஆகலாமா?

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பி.காம் முடித்துவிட்டு காரைக்குடி ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு பார்க்கிறார். அவருடைய அத்தை செட்டிநாட்டுப் பலகாரங்கள் செய்து இன்ஸ்டாகிராமில் ரீல் போடுகிறார். 92,000 பேர் பின்தொடர்கிறார்கள். இப்போது இரண்டு அழைப்புகள் வந்திருக்கின்றன. குக்கர் இலவசமாகத் தருகிறோம், இரண்டு ரீல் போடுங்கள் என்கிறது ஒரு பாத்திர நிறுவனம். இரண்டு வருடம் எங்களுக்கு மட்டும், வருமானத்தில் 30 சதவீதம் என்று ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது சென்னை ஏஜென்சி ஒன்று. "நானே அத்தைக்கு மேனேஜராக இருந்தால் என்ன? இதைத் தொழிலாகவே எடுக்கலாமா? எவ்வளவு கமிஷன் கேட்பது? சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்கிறார்.

தாராளமாக இருக்கலாம். கணக்கு பார்த்த கை என்பதால் உங்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். விளம்பரம் பிடித்துக் கொடுப்பவர்தான் டேலண்ட் மேனேஜர் என்று பலரும் நினைக்கிறார்கள். ஏழு வருடமாக இதில் இருக்கிறேன். விளம்பரம் பிடிப்பது இந்த வேலையில் சின்னப் பங்குதான். எதை விற்கிறோம், எத்தனை நாளுக்கு விற்கிறோம், எதை விற்கவில்லை என்பதை முன்கூட்டியே எழுத்தில் பிடித்து வைப்பதுதான் பெரிய பங்கு.

குக்கரையே எடுத்துக்கொள்வோம். கந்தரப்பத்துக்கு ஊறப்போட்டு, அரைத்து, வெல்லம் சேர்த்து, ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றி எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். அதைப் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, குரல் கொடுத்து முடிக்க இன்னொரு நாள். இரண்டு ரீல் என்றால் அத்தையின் மூன்று நாள் உழைப்பு. அதற்கு ஒரு குக்கர் ஈடாகுமா? அத்தைக்குக் குக்கர் உண்மையிலேயே தேவை, ஒரே ஒரு ஸ்டோரி போட்டால் போதும் என்றால் சரி, வாங்கிக்கொள்ளலாம். இரண்டு ரீலுக்குக் கூடாது. இன்னொன்றும் யோசியுங்கள். கும்மாயத்தை அடிகனமான சட்டியில் நின்று கிண்டுகிறவர் என்றுதான் அத்தையைப் பார்க்க வருகிறார்கள். அவர் திடீரென்று குக்கரில் எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடியும் என்று சொன்னால், பார்ப்பவர்களுக்கு அவர் மேலிருக்கும் நம்பிக்கை குறையும். பருப்பு வேக வைக்க, கறி வேக வைக்க என்று அவர் வீட்டில் குக்கர் நிஜமாகப் புழங்கும் இடத்தைக் காட்டுவதாக இருந்தால் மட்டும் பேசுங்கள். எதைக் காட்ட வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்று நிறுவனம் அனுப்பும் குறிப்பை, அதாவது பிரீஃபை, முதலில் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும்.

அடுத்தது விலை. 92,000 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். கடைசிப் பன்னிரண்டு ரீல்களை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்று மட்டும் 9 லட்சம் போயிருக்கிறது, மற்றவை 25,000-க்கும் 40,000-க்கும் நடுவில் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் நாம் விற்பது 30,000 பார்வை. 9 லட்சத்தைக் காட்டி விலை பேசினால் அடுத்த ரீலில் முகம் வாடும், அந்த நிறுவனம் திரும்பி வராது. அதற்கப்புறம் யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று இன்ஸ்டாகிராம் காட்டும் இன்சைட்ஸில் ஊர்களைப் பாருங்கள். செட்டிநாட்டுப் பலகாரம் என்றால் சென்னை, கோவை மட்டுமல்ல, சிங்கப்பூரும் கோலாலம்பூரும் பட்டியலில் வர வாய்ப்பு அதிகம். வெளிநாட்டுக்கு அனுப்பும் மசாலாக்காரருக்கு அந்த வரிசை தங்கம். மதுரையில் மட்டும் கிளை வைத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை. ஒரே ரீல்தான், வாங்குகிறவரைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும்.

விலையை ஒரே தொகையாகச் சொல்லாதீர்கள். ரீல் செய்யக் கூலி தனி. அதை அத்தையின் பக்கத்தில் போடுவது தனி. அந்த ரீலை நிறுவனம் எடுத்துத் தன் விளம்பரமாக ஓட்டுவது தனி. போட்டி நிறுவனத்துக்குச் செய்யக் கூடாது என்று கட்டுப்போட்டால் அதுவும் தனி. கடைசி இரண்டைத்தான் யூசேஜ் ரைட்ஸ், எக்ஸ்க்ளூசிவிட்டி என்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். நானும் ஏமாந்திருக்கிறேன்.

என் இரண்டாம் வருடம். கண்டாங்கிச் சேலை கட்டி ரீல் போடும் ஒரு பெண்ணுக்கு நகைக்கடை விளம்பரம் ஒன்று பேசி முடித்தேன். 18,000 ரூபாய். ஒரு ரீல், இரண்டு ஸ்டோரி என்று மெயிலில் இருந்தது. எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்று நான் எழுதவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பதினோரு மாதம் கழித்தும் அந்த ரீலை அவர்கள் காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் இன்னொரு பெரிய நகைக்கடை அவரைத் தேடி வந்தது. "உங்கள் முகம் இன்னொரு கடையின் விளம்பரத்தில் ஓடுகிறதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. பேசியிருந்தால் அவருக்கு வந்திருக்கக்கூடிய தொகை முதல் விளம்பரத்தைப் போலப் பல மடங்கு. தப்பு என்னுடையது. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் போன வாய்ப்பு திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து நாள் கணக்கு எழுதாமல் நான் ஒரு வேலையும் ஒப்புக்கொள்வதில்லை. 30 நாளா, 90 நாளா? அவர்கள் பக்கத்தில் மட்டுமா, காசு கொடுத்த விளம்பரமாகவா, சாலையோர போர்டிலுமா? நாள் முடிந்த பிறகும் வேண்டுமென்றால் எவ்வளவு? இத்தனையும் எழுத்தில் வர வேண்டும். எக்ஸ்க்ளூசிவிட்டியும் இப்படித்தான். ஆறு மாதம் வேறு பாத்திரம் காட்டக் கூடாது என்று ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டால் அத்தையின் தீபாவளியும் பொங்கலும் போச்சு. பலகாரக்காரருக்கு வருடத்தின் வருமானமே அதற்குள்தான்.

கமிஷனுக்கு வருவோம். இந்தத் தொழிலில் 10 முதல் 20 சதவீதம் என்பதுதான் பரவலான வழக்கம். 30 அதிகம். அதுவும் அத்தைக்கு நேராக வரும் வேலைக்கும் சேர்த்து என்றால் இன்னும் அதிகம். நீங்கள் 15 சதவீதத்தில் தொடங்கலாம், நீங்கள் பேசி முடித்த வேலைகளுக்கு மட்டும். நிறுவனத்தின் பணம் நேராக அத்தையின் கணக்குக்கு வரட்டும். அவரிடமிருந்து நீங்கள் பில் போட்டு வாங்குங்கள். உங்கள் கைக்கு வந்து அவருக்குப் போகும்படி வைத்தால் ஒரு மாதம் தாமதமானாலே மனக்கசப்பு வந்துவிடும்.

அத்தைதானே, எழுத்து எதற்கு என்று தோன்றும். நகரத்தார் வீடுகளில் கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதை யாரும் அவநம்பிக்கை என்று நினைப்பதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடை பார்க்கப் போன ஏஜெண்டுகள் எப்படிப் போனார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். முதலாளி ஊரில் இருப்பார், ஏஜெண்ட் மூன்று வருடத் தவணையில் கடல் கடந்து போய் அவர் பணத்தில் தொழில் நடத்துவார். போகும் முன்பே சம்பளம் பேசி எழுதிவிடுவார்கள். அங்கிருந்து கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். அத்தைதான் முதலாளி, நீங்கள் ஏஜெண்ட். விளம்பரம் கொடுக்கும் நிறுவனம் முதலாளி அல்ல. இதில் குழம்பியவர்கள்தான் நிறுவனத்தின் மனம் கோணக் கூடாது என்று அத்தையை நான்காம் முறை ரீ-ஷூட் செய்ய வைப்பார்கள். இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதுக்குக் காசு என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

ஏஜென்சி ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்து வேண்டாம். அவர்களோடு வேலை செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கொண்டுவரும் வேலைக்கு மட்டும் கமிஷன், யார் விலகினாலும் 30 நாள் நோட்டீஸ் என்று திருத்தி அனுப்புங்கள். நல்ல ஏஜென்சி அதைப் பேசித் தீர்க்கும். அத்தையின் பாஸ்வேர்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ரீலை விளம்பரமாக ஓட்ட பார்ட்னர்ஷிப் அனுமதி என்று இன்ஸ்டாகிராமிலேயே வசதி இருக்கிறது, அதற்குப் பாஸ்வேர்டு தேவையில்லை.

சட்டத்தில் கவனம் வேண்டும். இலவசக் குக்கருக்குப் போட்டாலும் அது விளம்பரம் என்று சொல்லியாக வேண்டும். விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. 2021-லேயே இதற்கு விதி போட்டுவிட்டது. 15 விநாடிக்குள் முடியும் வீடியோவில் அந்த வார்த்தை குறைந்தது 3 விநாடி தெரிய வேண்டும், 2 நிமிடத்துக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு நேரம். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வெளியிட்ட வழிகாட்டுதல், ரீல் எந்த மொழியோ அந்த மொழியிலேயே சொல்லச் சொல்கிறது. அத்தை தமிழில் பேசுகிறார், எனவே 'விளம்பரம்' என்று தமிழில் பெரிதாகப் போடுங்கள். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். அந்த அபராதம் விளம்பரத்தில் பேசுகிறவர் மீதும் விழும். கவுனி அரிசி சாப்பிட்டால் சர்க்கரை நோய் குறையும் என்று ஒரு நிறுவனம் வசனம் எழுதிக் கொடுத்தால் நீங்களே நிறுத்திவிடுங்கள். யாராவது அதை நம்பி மாத்திரையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? பணம் வைத்து ஆடும் ஆப் விளம்பரம் வந்தால் பதிலே போட வேண்டாம். 2025-ல் வந்த சட்டப்படி அதை விளம்பரம் செய்வதற்கே 2 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் உண்டு.

வரி உங்களுக்குப் புதிதல்ல. ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் தரும் இலவசப் பொருள் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத டி.டி.எஸ். உண்டு, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கிடையாது. அத்தை பெயரில் உத்யம், அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, செய்துவிடுங்கள், அதற்குக் காசு கிடையாது. சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டத்தைப் பில்லின் அடியில் ஒரு வரியாகப் போடலாம். 90 நாள் இழுக்கிறவர்களிடம் அந்த ஒரு வரி நன்றாகவே வேலை செய்கிறது.

சென்னைக்குக் குடிபோக வேண்டாம். விடியற்காலை பல்லவன் ரயிலில் ஏறினால் மதியத்துக்குள் சென்னை. மாதம் ஒரு முறை போய் ஆட்களை நேரில் பார்த்தால் போதும். ஊரிலேயே வேலை இருக்கிறது. ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிறவர்கள், பனையோலைக் கொட்டான் பின்னும் பெண்கள், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கண்டாங்கியின் நெசவாளர்கள், கானாடுகாத்தான் பக்கம் தங்கும் விடுதியாக மாறிய வீடுகள் என்று இவர்களுக்கெல்லாம் நல்ல ரீல் தேவைப்படுகிறது. சென்னை மேனேஜருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். இங்கே ஒரு பெரிய வீட்டுக்குப் பத்துப் பங்காளிகள் இருப்பார்கள். சாவி வைத்திருப்பவர் சரி என்றதை நம்பி முகப்பில் கேமராவை வைத்தால் பாதி ஷூட்டில் இன்னொரு பங்காளியின் போன் வரும். யார் சம்மதம், எத்தனை மணி நேரம், எந்தக் கட்டு வரை என்று முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். வெளியூர் நிறுவனங்கள் இந்த ஒரு வேலைக்காகவே உங்களுக்குக் காசு தரும்.

கடை வேலையை உடனே விட வேண்டாம். முதல் ஆறு மாதம் அத்தையோடு இன்னும் இரண்டு பேரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இருவரில் இன்னொரு பலகாரக்காரர் வேண்டாம். ஒரே விளம்பரத்துக்கு இருவரும் ஆசைப்பட்டால் நீங்கள் யார் பக்கம் பேசுவீர்கள்?

குக்கர் நிறுவனத்துக்கு இன்றைக்கே இப்படிப் பதில் போடுங்கள்: "வணக்கம். குக்கரை ஒரு மாதம் வீட்டில் பயன்படுத்திப் பார்த்த பிறகுதான் அத்தை அதைப் பற்றிப் பேசுவார். பிடித்திருந்தால் ஒரு ரீல் செய்கிறோம். அதற்கான கூலியும், 30 நாள் பயன்பாட்டுக்கான தொகையும் இணைப்பில் உள்ளன. ரீலில் 'விளம்பரம்' என்று இருக்கும். பாதித் தொகை முன்பணமாக வந்ததும் ஷூட் தேதி சொல்கிறோம்."