ஓட்டு ஊரில், குடித்தனம் இங்கே

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் 22 வருடமாக இருக்கிறோம். எங்கள் தெருமுனை விளக்கு எரியாமல் ஐந்து மாதம் ஆகிறது. மகள் வேலை முடிந்து இரவு எட்டரைக்கு அந்த இருட்டில்தான் நடந்து வருகிறாள். வருடக்கணக்கில் கவுன்சிலரே இல்லாமல் ஓட்டிய ஊர் இது. நாங்களோ வாடகைக்கு இருப்பவர்கள், ஓட்டும் தர்மபுரியில்தான் இருக்கிறது. கன்னடம் பேசுவேன், எழுத வராது. என் மாதிரி சாதாரண ஆள் இங்கே எதில்தான் தலையிட முடியும்? தலையிட்டால் வம்புதானே வரும்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: விளக்கைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறீர்கள். ஓட்டு தர்மபுரியில் இருப்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு முதலில் உறுத்தியது அதுதான். மகள் படித்தது இங்கே, வேலை பார்ப்பது இங்கே, காய்ச்சல் வந்தால் ஓடுகிற ஆஸ்பத்திரி இங்கே. ஓட்டு மட்டும் 22 வருடமாக ஊரில் என்றால், உங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட ஒரு காரணமும் இல்லை. வார்டுத் தேர்தலில் சில நூறு ஓட்டில் வெற்றி தோல்வி மாறுவது சாதாரணம். உங்கள் பகுதியில் உங்களைப் போல ஊரிலேயே ஓட்டை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள்.

வாடகை வீடு என்பது ஒரு தடையே இல்லை. வழக்கமாக எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் வாக்காளர் என்கிறது சட்டம். சொந்த வீடு, பத்திரம், கட்டா என்கிற மாநகராட்சிச் சொத்துப் பதிவு எதையும் அது கேட்கவில்லை. படிவம் 8 நிரப்பிக் கொடுத்தால் பெயர் இங்கே மாறும். ஆதாரில் இந்த முகவரி இருந்தால் அதையே சான்றாகக் கொடுக்கலாம். ஊரில் பங்காளிகள் என்ன சொல்வார்களோ என்று தயங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குலதெய்வமும் நிலமும் அங்கேயே இருக்கும் சார், ஓட்டை மாற்றினால் ஊர் போய்விடாது.

கவுன்சிலர் இல்லாத கதைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 2015 ஆகஸ்டில் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அப்புறம் வருடக்கணக்கில் அதிகாரிகளின் நிர்வாகம்தான். 2011 கணக்கெடுப்பிலேயே 84 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் இது. அந்த 2015 தேர்தலில் ஏறக்குறைய பாதிப் பேர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. அப்படிப்பட்ட ஊரில் தேர்தலைத் தள்ளிப்போட யாருக்குப் பயம் வரும்? 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியைக் கலைத்து ஐந்தாகப் பிரித்தார்கள், வார்டு எல்லைகளையும் மாற்றினார்கள். உங்கள் வார்டு இப்போது எந்த மாநகராட்சியில் இருக்கிறது, அதன் எண் என்ன என்று இந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள். பழைய எண்ணைப் போட்டு எழுதிய மனு சுற்றிக்கொண்டே இருக்கும்.

இனி, வம்பு. இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 1991-ல் காவிரிக் கலவரம் நடந்தபோது இங்கே இருந்த தமிழர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 வருடம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. தலையைக் குனிந்து நம் வேலையைப் பார்ப்போம் என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது. ஆனால் அந்தப் பழக்கத்தை விளக்குக் கம்பம் வரைக்கும் கொண்டுபோகாதீர்கள்.

என் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூட வாசலில் சாக்கடை மேல் மூடியாகப் போட்டிருந்த சப்படிக் கல் (பலகைக் கல்) உடைந்து, ஒரு சிறுவனின் கால் முட்டிவரை உள்ளே போய்விட்டது. காலை இழுத்ததும் ஷூ உள்ளேயே தங்கிவிட்டது. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் 'நோடுத்தீவி' (பார்க்கிறோம்) என்ற ஒரே பதில். கடைசியில் மாவு மில்காரரிடம் போனேன். அவர் கன்னடக்காரர். கல்லாவில் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் மனுவை எழுதிக் கொடுத்தார், காகிதமெல்லாம் கோதுமை மாவு. பதினொரு கையெழுத்து வாங்கினோம்: கன்னடத்தில், தமிழில், உருதுவில், தெலுங்கில். ஒரு பாட்டி கைநாட்டு வைத்தார். நீ எந்த ஊர் என்று அந்தத் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பள்ளிக்குத்தான் போகின்றன.

மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு 'சரி, போங்க' என்றார் குமாஸ்தா. இரண்டாவது பிரதியில் முத்திரையும் தேதியும் வேண்டும் என்றேன். அது வழக்கமில்லை என்றார். நான் கோபப்படவில்லை, நகரவும் இல்லை. பத்து நிமிடம் கழித்து முத்திரை விழுந்தது. அந்தக் காகிதத்துக்குப் பிறகுதான் பேச்சே மாறியது. தேதி போட்ட பிரதி கையில் இருக்கும்போது, உங்கள் புகார் வரவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு போனேன். ஏழாவது வாரம் கூட்ஸ் ஆட்டோவில் புதுக் கல் வந்தது. இரண்டு பேர் கடப்பாரையால் நெம்பி உட்கார வைத்தார்கள். மாவு மில்காரர் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

உங்கள் விளக்குக்கும் இதே வழிதான். ஒன்றை மட்டும் முன்னாடியே பிரித்துப் பாருங்கள், இந்த ஊரில் பலர் சறுக்குவது இங்கேதான். விளக்கு எரியவில்லை என்றால் அது மாநகராட்சி வேலை, 1533-ல் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். தெருவுக்கே மின்சாரம் இல்லை, கம்பி தொங்குகிறது என்றால் மின்வாரியமான பெஸ்காம், 1912. சாக்கடை மேன்ஹோல் பொங்கினால் குடிநீர், கழிவுநீர் வாரியமான ஜலமண்டலி, 1916. மழைநீர்க் கால்வாய் மறுபடி மாநகராட்சி. ஆள் மாறிப் புகார் கொடுத்தால் அவர்கள் இவர்களைக் கைகாட்டுவார்கள், இவர்கள் அவர்களை.

மனுவுக்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். கன்னடம் எழுத வராது என்று தயங்க வேண்டாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். ஆனால் கர்நாடகத்தில் ஒரு விண்ணப்பத்தில் ஒரு விஷயம்தான், 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்காதீர்கள், மழுப்பலாகத்தான் பதில் வரும். எங்கள் தெரு விளக்குகளைப் பராமரிக்கும் ஒப்பந்ததாரர் யார், இந்த வருடம் அவருக்கு எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது, ஒப்பந்தத்தின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடவும், போட்ட பொருளில் மாதிரி எடுக்கவும்கூட இந்தச் சட்டம் குடிமகனுக்கு உரிமை கொடுக்கிறது. சாலை போட்ட மூன்றாம் மாதமே ஜல்லி பெயர்ந்தால் இது ரொம்பவே உதவும். ஒப்பந்ததாரர் தன் செலவில் பழுதுபார்க்க வேண்டிய காலம் என்று ஒப்பந்தத்திலேயே ஒன்று இருக்கும். நாம் அதைக் கேட்பதே இல்லை.

ஜே.பி. நகர் பக்கத்தில் புட்டேனஹள்ளி ஏரி என்று சின்னதாக ஒன்று இருக்கிறது. குப்பையும் கழிவும் சேர்ந்து நாசமாகிக்கொண்டிருந்ததை, சுற்றி இருந்த குடும்பங்கள் அறக்கட்டளை அமைத்துக் கையில் எடுத்தன. 2011-ல் மாநகராட்சியே பராமரிப்பை அவர்களிடம் ஒப்படைத்தது. தினமும் வாசலைத் திறந்தால் கண்ணில் படுகிற ஏரி என்பதால் அவர்கள் விடவில்லை. நீங்களும் ஊர் முழுவதையும் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். மகள் நடந்து வருகிற அந்த நூறு அடி போதும்.

கையெழுத்துக்கு உங்கள் வீட்டு ஓனரிடம் முதலில் போங்கள், அவருக்கும் அது தெருதானே. அப்புறம், உங்கள் கடிதத்தில் கம்பத்தின் எண் இல்லை. இன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பெயின்ட் அழிந்திருந்தால் எதிர் வீட்டுக் கதவு எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.