"மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன் சார்!"

கேள்வி: மேடம், கார் பார்க்க ஷோரூமுக்குப் போனோம். விலை என்ன என்று எத்தனை முறை கேட்டாலும், "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்றே விற்பனையாளர் திருப்பிக் கேட்டார். மதிப்புப் போட என்று வாங்கிய எங்கள் பழைய காரின் சாவி வெகுநேரம் திரும்பி வரவில்லை. "இன்னைக்கு புக் பண்ணாத்தான் இந்தச் சலுகை" என்றார்கள். எப்படியோ கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டோம். இப்போது தினமும் போன். கார் பிடித்திருக்கிறது; அங்கே திரும்பிப் போகத்தான் தயக்கம்.

பதில்: எழுந்து வந்தீர்கள் பாருங்கள், அதுவே பாதி வேலை. அந்த மேஜையின் மறுபக்கம் பல வருடம் உட்கார்ந்தவள் நான். வாய்ச்சண்டை போடுகிறவரைச் சமாளித்துவிடுவோம். "சரி, யோசித்துச் சொல்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே கிளம்புகிறவரிடம்தான் எங்கள் வித்தை பலிக்காது.

மாதம் இவ்வளவு என்று நீங்கள் வாய்விட்டதும் காரின் விலை பேச்சிலிருந்து காணாமல் போய்விடும். தவணை குறைய விலை குறைய வேண்டியதில்லை, வருடம் கூடினால் போதும். கடன் 100 என்று வையுங்கள். குறைந்துவரும் பாக்கிக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்றால், 5 வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 2.12, மொத்த வட்டி 27க்குச் சற்று மேல். அதையே 7 வருடமாக்கினால் தவணை 1.66தான், ஆனால் வட்டி 39ஐத் தாண்டும். தவணையை மட்டும் பார்ப்பவருக்கு இது சலுகை மாதிரியே தெரியும்! அதே 10 சதவீதத்தை 'ஃப்ளாட் ரேட்' என்று சொன்னால் இன்னும் உஷாராக இருங்கள். அடைத்துவிட்ட தொகைக்கும் கடைசி வரை வட்டி போடும் கணக்கு அது. 5 வருடக் கடனில் உண்மையான வட்டி 17 சதவீதத்துக்கு மேல் போய்விடும்.

"மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போகிறவர் உங்களுக்காக வாதாடுகிறார் என்று நினைக்காதீர்கள். உங்களைக் காக்க வைப்பதுதான் அங்கே வேலை. காத்திருந்த நேரம் வீணாகக் கூடாதே என்று நீங்களே இறங்கி வருவீர்கள். சாவி வராமல் இருப்பதும் இதே கணக்கில்தான். தயங்காமல் கேட்டு வாங்குங்கள். பழைய காருக்கு என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே வெளியில் விசாரித்து வையுங்கள். புதிய காரின் விலை முடிவாகும்வரை அந்தப் பேச்சே வேண்டாம். இரண்டையும் கலந்தால், இங்கே கூட்டிக் கொடுத்ததை அங்கே எடுத்துவிடுவார்கள்.

'இன்று மட்டும்' சலுகை பெரும்பாலும் விற்பனையாளரின் மாத டார்கெட்டுக்கானது. அடுத்த மாதமும் அவருக்கு டார்கெட் இருக்கும், பாவம். மாதக் கடைசியில் போனால் அந்த அவசரம் உங்கள் பக்கம் வேலை செய்யும்.

போனுக்கு ஒரே பதில் அனுப்புங்கள்: "வரி, பதிவு, காப்பீடு, கூடுதல் பொருட்கள் எல்லாவற்றையும் தனித்தனியாகப் போட்டு மொத்த விலையை எழுத்தில் அனுப்புங்கள். பார்த்துவிட்டு நானே கூப்பிடுகிறேன்." அதே கம்பெனியின் வேறு இரண்டு ஷோரூம்களிலும் இப்படியே வாங்குங்கள். அப்புறம் கார் எடுக்க மட்டும் நேரில் போனால் போதும்.

கேள்வி: முன்பணம் கட்டிய பிறகு, "முதலில் சொன்ன விலை தவறு" என்று கூடுதலாகக் கேட்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, கொடுத்துவிடலாமா?

பதில்: அந்த 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே'வை நம்பித்தான் கேட்கிறார்கள். உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் 1978இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களை ஓர் ஆய்வுக்கு வரச் சம்மதிக்க வைத்துவிட்டு, காலை 7 மணிக்கு வர வேண்டும் என்பதைப் பிறகுதான் சொன்னார்கள். 56 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். நேரத்தை முதலிலேயே சொன்னபோது 31 சதவீதம்தான். முதலில் தந்த விலைத்தாளைப் படமெடுத்து மேலாளருக்கு அனுப்பி, இந்த விலைக்குத் தருவீர்களா, முன்பணத்தைத் திருப்புவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன், திருப்பித் தருவது பற்றி ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.