பழைய எல்-100 ஆ, புதிய எல்-100 கிளாசிக்கா?

திருகோணமலை அலஸ்தோட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “ரொறன்ரோவிலிருக்கும் சித்தப்பா, 1970களில் வந்த தம்முடைய ஜே.பி.எல். எல்-100 செஞ்சுரி ஒலிபெருக்கிச் சோடியை எனக்குத் தர முன்வந்துள்ளார். என் மகளோ, அதே தோற்றத்தில் இப்போது கிடைக்கும் எல்-100 கிளாசிக்கை வாங்கித் தருவதாகச் சொல்கிறாள். எங்கள் வீடு கடற்கரைக்கு மிக அருகில் உள்ளது. என்னிடம் இருப்பது பின்புறத்தில் ‘8 ஓம்’ என்று மட்டும் குறித்த பழைய ஜப்பானிய அம்ப்ளிஃபயர். பெரும்பாலும் பழைய திரைப்பாடல்களும் நாதஸ்வரமும் கேட்பேன். எதைத் தெரிவு செய்வது?”

இவ்விரண்டும் ஒரே ஒலிபெருக்கியின் பழைய, புதிய பிரதிகள் அல்ல என்பதை முதலில் மனதிற்கொள்ள வேண்டும். 1970 இல் வெளிவந்த எல்-100, ஒலிப்பதிவுக்கூடங்களுக்கென அமெரிக்க நிறுவனமான ஜே.பி.எல். செய்த 4310 என்னும் பெட்டியின் வீட்டு வடிவம். அதில் தாழ்ந்த சுரங்களைத் தரும் 12 அங்குல வூஃபருக்கும் அம்ப்ளிஃபயருக்கும் இடையில், சுரங்களைப் பிரித்தனுப்பும் எந்த வடிகட்டியும் கிடையாது. நடுச்சுரத்துக்கும் உச்சச்சுரத்துக்குமான சிறு ஒலிபெருக்கிகளுக்கு மட்டுமே, தாழ்ந்த சுரங்களைத் தடுக்கும் கொண்டென்சர்கள் உண்டு. ஆகவே வூஃபர் தன்னால் இயன்ற மட்டும் மேலேறிப் பாட, நடு ஒலிபெருக்கியும் அதனோடு சேர்ந்து ஒலிப்பதால், பாடகரின் குரல் பெட்டியை விட்டு ஓரடி முன்னே வந்து நிற்பது போலக் கேட்கும். உச்சச்சுரத்தைத் தருவது ஒரு சிறிய காகிதக் கூம்பு. 2018 இல் அறிமுகமான கிளாசிக்கிலோ உச்சச்சுரத்துக்கு டைட்டேனியக் குவிமாட ட்வீட்டர் இருக்கிறது. 450 ஹேர்ட்ஸிலேயே வூஃபர் தன் வேலையை நடு ஒலிபெருக்கியிடம் ஒப்படைத்துவிடுகிறது. இதனால் குரல் சீராகவும் அளவாகவும் வரும். ஆனால் பழைய திரைப்பாடலில் அந்த முன்வந்து நிற்கும் குரலை விரும்புகிறவருக்குப் புதியது சற்று அடக்கமாகத் தோன்றும். நாதஸ்வரம் பழைய பெட்டியில் காதைக் குத்தினால், முகப்பிலுள்ள இரண்டு குமிழ்களையும் சிறிது குறைத்துக்கொள்ளலாம். அவை அதற்காகவே வைக்கப்பட்டவை.

எல்லாப் பெயர்பெற்ற ஒலிபெருக்கிகளுக்கும் இந்த வேறுபாடு பொருந்தாது. பி.பி.சி. வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்னும் சிறிய ஒலிபெருக்கி, பல நிறுவனங்கள் உரிமம் பெற்று ஒரே விவரக்குறிப்பின்படி செய்தது. ஆகையால் இன்று கவனமாகச் செய்யப்படும் ஒன்று பழையதற்கு மிக நெருங்கி வர முடியும். உங்கள் கேள்வி அந்தப் பெட்டியைப் பற்றியதாக இருந்திருந்தால், புதியதையே வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

உங்கள் நிலையில் என் தெரிவு சித்தப்பாவின் பெட்டிகளே. கிளாசிக்கின் மின்தடை 4 ஓம் எனக் குறிக்கப்பட்டுள்ளது. பழையதோ 8 ஓம். 8 ஓமுக்கெனச் செய்த பழைய அம்ப்ளிஃபயரில் 4 ஓம் பெட்டியை உரக்க ஒலிக்கவிட்டால் அது சூடேறும், அதன் வெளியீட்டு ட்ரான்சிஸ்டர்களும் போய்விடலாம். புதியதை வாங்கினால் அம்ப்ளிஃபயரையும் மாற்ற நேரும் என்பதை மகளிடம் சொல்லுங்கள்.

நம் ஊரில் ஒலிபெருக்கியின் வயதை ஆண்டுக்கணக்கில் மட்டும் பார்க்க முடியாது. அது எங்கே நின்றது என்பதும் கணக்கில் வரும். உப்புவெளியில் கடலைப் பார்த்த முன்னறையில் நின்ற ஓர் அமெரிக்கப் பெட்டியைத் திறந்தபோது, கூம்பைச் சுற்றியிருந்த நுரை விளிம்பு என் விரலில் ஈரக் கரிபோல ஒட்டிக்கொண்டு வந்தது. ஆணிகளெல்லாம் கறள் ஏறி, திருகியதும் தலை உடைந்தன. ஈரம் அந்த வகை நுரையின் பிணைப்பையே அறுத்துவிடும். எல்-100 இன் வூஃபர் விளிம்பு நுரையால் ஆனது அன்று. உங்களுக்கு வாய்த்த பெரிய நன்மை அதுதான். ரொறன்ரோ வீட்டின் உள்ளே இத்தனை காலமும் உப்புக்காற்றுப் படாமல் இருந்தது இன்னொன்று.

ஆனாலும் பார்க்காமல் கப்பலேற்ற வேண்டாம். சித்தப்பா இரண்டு கைவிரல் நுனிகளாலும் வூஃபர் கூம்பைச் சமமாக, மெதுவாக உள்ளே தள்ளி, காதை அருகில் வைத்துக் கேட்கட்டும். சரசரவென்று உரசும் ஓசை வந்தால் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வொய்ஸ் கொயில் இடம் விலகியிருக்கிறது; அந்த வூஃபரை நிபுணர் ஒருவர் பார்க்காமல் வாங்க வேண்டாம். பின்னர் மல்டிமீட்டரைப் பெட்டியின் இணைப்பு முனைகளில் வைத்தால், 8 ஓம் என்று குறித்திருந்தாலும், 5 முதல் 7 ஓம் வரை காட்ட வேண்டும். 1.5 வோல்ட் பற்றரியை ஒரு கணம் தொட்டெடுத்தால் இரு பெட்டிகளிலும் கூம்பு ஒரே திசையில் அசைய வேண்டும். சிவப்பு முனைக்கு நேர்முனையைக் கொடுத்தும் கூம்பு உள்ளே போனால் பயப்பட வேண்டாம், அக்கால ஜே.பி.எல். வழக்கம் அதுவே. இச்சோதனைகள் வூஃபரைப் பற்றி மட்டுமே சொல்லும். கொண்டென்சர்கள் நேர்மின்னோட்டத்தைத் தடுப்பதால் மற்ற இரண்டையும் பாட்டைப் போட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் காதை வைத்துத்தான் அறிய வேண்டும். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் அது தொடுமுனை அழுக்கு. இருபது முப்பது முறை முன்னும் பின்னும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஐம்பது வயதை நெருங்கும் அல்லது கடந்துவிட்ட கொண்டென்சர்களை இங்கே வந்ததும் மாற்றிவிடுங்கள். ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவருக்கு அரைநாள் வேலை.

வூஃபரோ ட்வீட்டரோ தேறாவிட்டால் ஒத்த பழைய உறுப்பைத் தேடி அலைவதை விட, அம்ப்ளிஃபயரையும் சேர்த்துப் புதியதற்குப் போவதே நல்லது. சித்தப்பா தம் அம்ப்ளிஃபயரையும் அனுப்ப நினைத்தால், அது 120 வோல்ட்டுக்குரியதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நேரே நம் 230 வோல்ட்டில் சொருகினால் எரிந்துவிடும். ஒலிபெருக்கிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

வீட்டில் அவற்றைக் கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரே வைக்காமல் உள்சுவரோரம், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்; மாரியில் வாடைக்காற்று வீசும் மாதங்களில் முனைகளை மாதம் ஒருமுறை கழற்றித் துடையுங்கள். முகப்பிலுள்ள கட்டம்போட்ட நுரை மூடி இப்போது தொட்டால் உதிரும் நிலையில்தான் இருக்கும். பொதி கட்டுமுன் சித்தப்பா அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கூம்புகளில் விழுந்திருக்கும் துகளை மென்மையான தூரிகையால் அகற்றி, வூஃபருக்கு முன்னால் கெட்டி அட்டை ஒன்றை வைத்துக் கட்டட்டும். மாற்று மூடியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.