கல்ச்சர் பாசிட்டிவ் என்றால் செப்சிஸ் கோடா?

பரமக்குடியிலிருந்து அமெரிக்க சார்ட் (நோயாளியின் மருத்துவப் பதிவு) பார்த்து நோய்களுக்குக் கோடு போடும் ஒரு கோடர்: பிளட் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஈ.கோலை என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. டாக்டர் ‘பாக்டிரீமியா’ (ரத்தத்தில் பாக்டீரியா இருப்பது) என்றுதான் எழுதியிருக்கிறார். டீம் லீடர் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) போடச் சொல்கிறார். போடலாமா?

போடாதீர்கள். லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து நாமாக நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. அமெரிக்க நோய்க் கோடுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் பாக்டிரீமியாவுக்கு ஆர்78.81, கிருமியைக் காட்ட பி96.20. ‘ஈ.கோலை செப்சிஸ்’ என்று டாக்டரே எழுதினால்தான் ஏ41.51. அதற்காக, தாழ்ந்த பிபி 84/50, ஏறிய லாக்டேட் 4.2 என்று செப்சிஸைச் சந்தேகிக்க வைக்கும் எண்கள் சார்ட்டில் கிடக்கும்போது கண்டுகொள்ளாமல் போவதும் தப்பு. டாக்டருக்கு க்வெரி (எழுத்தில் விளக்கம் கேட்பது) அனுப்புங்கள். “இது செப்சிஸ்தானே?” என்று கேட்டால் பதிலை நாமே ஊட்டிவிடுகிறோம். இருக்கிற எண்களை அப்படியே எடுத்தெழுதி, செப்சிஸ், பாக்டிரீமியா மட்டும், வேறு, தீர்மானிக்க இயலவில்லை என்று நான்கையும் கொடுத்துக் கேளுங்கள். செப்சிஸுக்குப் பணம் அதிகம். ஆடிட்டர் கண்ணும் அங்கேதான் இருக்கும். லீடரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கேட்பார்.

ராமேசுவரம் வாசகி: ‘யூரோசெப்சிஸ்’ என்று மட்டும் இருந்தால்?

அதற்குக் கோடே கிடையாது. சிறுநீர்த் தொற்றா, செப்சிஸா என்று டாக்டரிடம் கேட்டே ஆகவேண்டும்.

தொண்டியிலிருந்து ஒரு நர்ஸ்: திருக்கை முள் குத்திய மீனவர் காய்ச்சலோடு வருகிறார். கேஸ் ஷீட்டில் ‘கால் காயம்’ என்று எழுதுகிறோம். போதாதா?

போதவே போதாது. நம் கரையில் காயத்தின் கதைதான் பாதி நோயறிதல். எப்போது குத்தியது, கடல்தண்ணீர் பட்டதா, சர்க்கரை உண்டா, கல்லீரல் கோளாறு உண்டா, குடிப்பாரா, எல்லாம் எழுதுங்கள். கல்லீரல் கெட்டவர் உடம்பில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கடல்நீர்க் கிருமி புகுந்தால் ஓரிரு நாளில் ரத்தத்துக்குப் போய்விடும். காலில் ரத்தம் கோத்த கொப்புளம் கிளம்பும். லேப் சீட்டிலும் ‘கடல்நீர்க் காயம்’ என்று சேர்த்தால் அங்கே அதை நினைத்துத் தேடுவார்கள்.

அப்புறம், கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பது. முடிந்தவரை ஆன்டிபயாடிக்குக்கு முன்பே, இரண்டு வெவ்வேறு இடத்திலிருந்து, பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. பாட்டிலில் ‘வலது கை, காலை 6.40’ என்று எழுதி ஒட்டுங்கள். இதற்காக மருந்தைத் தாமதப்படுத்தக் கூடாது, அது வேறு.

கீழக்கரை, மருத்துவமனை ரெக்கார்டு பிரிவு: ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். எப்படிப் பதிவது?

பெரும்பாலும் தோலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததாக இருக்கும். அந்த எழுதிய பாட்டில் இப்போது கைகொடுக்கும். எந்தக் கையில் எடுத்தது என்று தெரிந்தால்தான் டாக்டரால் முடிவெடுக்க முடியும். அவர் ‘கன்டாமினன்ட்’ (வெளியிலிருந்து கலந்தது) என்று எழுதினால் பாக்டிரீமியா கோடு வேண்டாம். ஆனால் நோயாளிக்கு சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் செருகிய குழாய்) இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். ரத்தத் தொற்று ‘லைனால் வந்தது’ என்று அவர் கைப்பட எழுதினால்தான் டி80.211ஏ (T80.211A).