முதல் கயோட்டி ரைஃபிள்: கேள்வி பதில்

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் சிலர், கயோட்டி (ஓநாயைவிடச் சிறிய, நாய் இனக் காட்டு விலங்கு) வேட்டைக்கு முதன்முதலாக ரைஃபிள் வாங்குவது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் டெக்சஸில் வேட்டையாடுகிறவன் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்த மாநிலத்தைச் சேர்ந்தவை. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் நடப்பு ஆண்டு விதிகளைப் படித்த பிறகே எதையும் முடிவு செய்யுங்கள்.

கேள்வி (ஆஸ்டின்): வணக்கம் ஐயா. .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன், .204 ருகர், .243 வின்செஸ்டர் என்று ஆளுக்கொரு தோட்டா வகையைச் சொல்கிறார்கள். துப்பாக்கியே தொட்டிராத நான் எதற்கான ரைஃபிளை வாங்குவது?

பதில்: .223 ரெமிங்டனை வாங்குங்கள். கயோட்டி பெரிய விலங்கு அன்று. டெக்சஸில் பெரும்பாலும் 25 முதல் 40 பவுண்டு எடைதான் இருக்கும். அடர்ந்த ரோமம் அதைப் பெரிதாகக் காட்டுகிறது. 55 கிரெயின் (ஏறத்தாழ மூன்றரை கிராம்) எடையுள்ள குண்டு .223 ரைஃபிளிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 3,200 அடி வேகத்தில் புறப்படுகிறது. 200, 250 கெஜம் வரை ஒரு கயோட்டியை நொடியில் வீழ்த்த இது தாராளமாகப் போதும்.

1965 முதல் ரெமிங்டன் நிறுவனம் தயாரித்து வரும் .22-250 அதே குண்டை நொடிக்கு ஏறத்தாழ 3,650 அடி வேகத்தில் செலுத்துகிறது என்பது உண்மை. ஆனால் .223 சுமார் 25 கிரெயின் வெடிமருந்தை எரிக்கும் இடத்தில் அது 35 கிரெயினை எரிக்கிறது. அதனால் ஓசையும் உதைப்பும் கூடுகின்றன, குழல் விரைவில் தேய்கிறது, தோட்டாவின் விலையும் ஏறுகிறது. மேற்கு டெக்சஸ் போன்ற வெட்டவெளியில் 300 கெஜத்துக்கு அப்பால் சுடத் தேர்ந்தவருக்கு அது நல்ல கருவி. 2004இல் வந்த .204 ருகரின் குண்டு மிக வேகமாகவும் தட்டையான பாதையிலும் செல்லும்; ஆயினும் குண்டு இலேசானது, எல்லாக் கடைகளிலும் தோட்டா கிடைப்பதில்லை. மான் வேட்டைக்கும் இதே துப்பாக்கியைப் பயன்படுத்த எண்ணுபவர் .243 வின்செஸ்டரைக் கருதலாம். எனினும் கற்றுக்கொள்பவருக்கு முதல் ஆண்டில் வேண்டியது பயிற்சி. மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் தோளை வருத்தாததாகவும் உள்ள .223 தோட்டாவே ஒருவரை மீண்டும் மீண்டும் பயிற்சிக் களத்துக்குப் போக வைக்கும்.

வாங்கும்போது குழலின் உட்புற முறுக்கு விகிதத்தை, அதாவது குண்டைச் சுழலச் செய்யும் உள்வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன என்பதை, கேட்டுக்கொள்ளுங்கள். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற பழைய அமைப்பு 55 கிரெயின் வரையுள்ள குண்டுகளுக்கே ஏற்றது. 9 அல்லது 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அதைவிடக் கனமான குண்டுகளையும் நிலைதவறாமல் செலுத்தும். ருகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்ஸிஸ் போன்ற, ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இயக்கி ஏற்றும் எளிய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களே தொடக்கத்துக்குப் போதுமானவை.

கேள்வி (ஹியூஸ்டன்): எங்களிடம் ஏற்கெனவே .22 எல்ஆர் என்ற சிறு தோட்டாவைச் சுடும் துப்பாக்கி இருக்கிறது. அதுவே போதாதா?

பதில்: போதாது. மிக அருகிலிருந்து, மிகச் சரியான இடத்தில் பட்டாலன்றி விலங்கு காயத்தோடு ஓடிப்போய்ப் பல மணி நேரம் துன்புற்று மடியும். குறிபார்க்கவும் விசையை அசைவின்றி இழுக்கவும் பழகுவதற்கு அதைவிடச் சிறந்த துப்பாக்கி இல்லை, அதற்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (டாலஸ்): நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். சட்டப்படி ரைஃபிள் வாங்க முடியுமா? நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார்.

பதில்: அந்த யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். வேறொருவருக்காகத் தன் பெயரில் வாங்குவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அவருக்கும் சிறை, உங்களுக்கும் சிறை, அதோடு உங்கள் குடியேற்ற வாழ்வும் முடிந்துபோகும்.

குடியேற்றமற்ற விசாவில் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதையும் வைத்திருப்பதையும் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமத்தை வைத்திருப்பது. ஆகவே முதலில் வேட்டைக் கல்விப் பயிற்சி, அடுத்து வேட்டை உரிமம், அதன் பிறகுதான் கடை என்ற வரிசையில் செல்லுங்கள். டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு அந்தப் பயிற்சி கட்டாயம். உரிமம் பெற்ற விற்பனையாளர், துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்பச் சொல்வார். உங்கள் பின்னணியைச் சரிபார்ப்பார். விசா நிலை, ஐ-94 எண் (நாட்டுக்குள் நுழைந்த பதிவின் எண்), வசிப்பிடச் சான்று எல்லாவற்றையும் கேட்பார். ஒவ்வொரு வரியையும் உண்மையாக எழுதுங்கள்.

பலர் கவனிக்காத ஓர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். டெக்சஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகிறது. புதுப்பிக்க மறந்தால், வாங்கிய நாளில் சட்டப்படி உங்களுடையதாக இருந்த அதே துப்பாக்கியை செப்டம்பர் 1 அன்று வீட்டில் வைத்திருப்பதே குற்றமாகிவிடலாம். உரிமமில்லாமல் நண்பரின் பண்ணையில் அவருடைய துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதற்கும் இந்தத் தடை பொருந்தும். பச்சை அட்டை உடையவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. ஐயம் சிறிதளவு இருந்தாலும், துப்பாக்கிக்கு முன் வழக்கறிஞர் ஒருவருக்குச் செலவழியுங்கள்.

கேள்வி (அட்லாண்டா): போல்ட் ஆக்‌ஷன் நல்லதா, ஏஆர்-15 நல்லதா?

பதில்: இரண்டாவது, மூன்றாவது கயோட்டி சேர்ந்து ஓடிவரும்போது, ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஏஆர்-15 வசதியானது என்பதை மறுக்கமாட்டேன். ஆனாலும் முதல் துப்பாக்கியாக போல்ட் ஆக்‌ஷனையே பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இயக்க வேண்டியிருப்பதால், முதல் குண்டிலேயே முடிக்க வேண்டும் என்ற ஒழுக்கம் கையோடு வந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 5.56 நேட்டோ என்ற ராணுவத் தோட்டாவுக்கான அறை கொண்ட துப்பாக்கியில் .223 தோட்டாவைச் சுடலாம்; .223 என்று மட்டும் பொறித்த துப்பாக்கியில் 5.56 தோட்டாவைச் சுடக் கூடாது, அழுத்தம் அபாய அளவுக்கு உயரக்கூடும்.

கேள்வி (டென்வர்): ‘வார்மின்ட்’ (தொல்லை தரும் சிறு விலங்கு) என்று பெயரிட்டு விற்கும் தடித்த குழல் ரைஃபிளை வாங்கலாமா?

பதில்: மேசையில் ஊன்றிக்கொண்டு பிரெய்ரி நாய்களை (பெயரில் நாய் இருந்தாலும், வளையில் வாழும் அணில் இன விலங்குகள்) நாள் முழுவதும் சுடுபவர்களுக்காக அமைந்தது அது. கயோட்டி வேட்டையில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். மெல்லிய குழலே நல்லது.

கேள்வி (ஃபீனிக்ஸ்): ஸ்கோப் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? எத்தனை கெஜத்துக்குச் சரிசெய்வது?

பதில்: 3-9x40 அல்லது 4-12x40 போதும். முதல் இரண்டு எண்கள் உருப்பெருக்கம் எத்தனை மடங்கிலிருந்து எத்தனை மடங்கு வரை மாறும் என்பதையும், கடைசி எண் முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. கயோட்டி புதரிலிருந்து முப்பது கெஜத்தில் திடீரென வெளிப்படும்போது, உருப்பெருக்கம் கூடுதலாக இருந்தால் ரோமத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆகவே குறைந்த அளவில் வைத்துக்கொண்டே காத்திருங்கள். 55 கிரெயின் .223 தோட்டா 200 கெஜத்தில் குறிவைத்த புள்ளியிலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால், 100 கெஜத்தில் குண்டு ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் மேலே படும். 300 கெஜத்தில் ஏழெட்டு அங்குலம் தாழ்ந்துவிடும். மணிக்கு 10 மைல் வேகக் குறுக்குக் காற்று 200 கெஜத்திலேயே குண்டை நான்கு அங்குலம் அளவுக்குத் தள்ளும்.

கயோட்டியின் இதயமும் நுரையீரலும் உள்ள இலக்குப் பகுதி உள்ளங்கையளவுதான். எனவே ஐந்து அங்குல வட்டம் ஒன்றைக் காகிதத்தில் வரைந்து, மேசையில் அல்லாமல், தரையில் அமர்ந்து ஊன்றுகோலின் மேல் துப்பாக்கியை வைத்துச் சுடுங்கள். ஐந்து குண்டுகளும் தவறாமல் அந்த வட்டத்துக்குள் விழும் தொலைவு எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. துப்பாக்கியின் எல்லை அதைவிடத் தொலைவில் இருக்கலாம்; அதற்கும் உங்களுக்கும் தொடர்பில்லை.

கேள்வி (ஃபிரெஸ்னோ): எந்தக் குண்டு வாங்க வேண்டும்?

பதில்: மற்ற மாநிலங்களில் வி-மேக்ஸ் போன்ற, உள்ளே சென்றதும் சிதறும் குண்டு ஏற்றது. நீங்கள் கலிபோர்னியாவில் இருக்கிறீர்கள். அங்கே 2019 ஜூலை 1 முதல் துப்பாக்கியால் எந்த வனவிலங்கை வேட்டையாடினாலும் ஈயமில்லாத குண்டையே பயன்படுத்த வேண்டும். முழுவதும் உலோக உறையிட்ட ராணுவ வகைக் குண்டு மலிவாகக் கிடைத்தாலும் வேட்டைக்கு வாங்காதீர்கள். அது விலங்கைத் துளைத்துக்கொண்டு அப்பால் போகும், கல்லில் பட்டுத் தெறிக்கும். இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில், மேட்டின் விளிம்பில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் கயோட்டியை, அது எவ்வளவு அருகில் இருந்தாலும், சுடக் கூடாது. தவறிய குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் உயிரைப் பறிக்கும்.

கேள்வி (ராலே): வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் நிலம் வாங்கியிருக்கிறேன். அங்கே ஓநாய்கள் இருப்பதாகச் சொல்கிறார்களே?

பதில்: உண்மைதான். சிவப்பு ஓநாய் காட்டில் எஞ்சியிருப்பது அந்தப் பகுதியில் மட்டுமே. மிகச் சிலவே மீதமிருக்கின்றன, கயோட்டி என்று தவறாக எண்ணிச் சுடப்பட்டவையும் உண்டு. அதனால் அந்த மாவட்டங்களில் கயோட்டி வேட்டைக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களில் மெக்சிகோ சாம்பல் ஓநாய்க்கும் கூட்டாட்சிப் பாதுகாப்பு இருக்கிறது. ஓநாயின் கால் நீளமானது, மூக்கு அகன்றது, உடல் கனமானது. கழுத்துப்பட்டை தெரிந்தாலோ, உறுதியாக அடையாளம் காண முடியாவிட்டாலோ விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள்.

கேள்வி (சான் அன்டோனியோ): முயல் கதறும் ஒலியெழுப்பியைப் பயன்படுத்தினேன். ஒன்றும் வரவில்லை.

பதில்: பெரும்பாலும் வந்திருக்கும், உங்களை மோப்பம் பிடித்துவிட்டுத் திரும்பியிருக்கும். கயோட்டி நேராக வராது. உங்களைக் கடந்து காற்று வீசிச் செல்லும் பக்கமாகச் சுற்றிவந்து முகர்ந்து பார்க்கும். காற்று உங்கள் முகத்திலோ பக்கவாட்டிலோ வீசும்படி அமர்ந்து, அது சுற்றிவரக்கூடிய பக்கத்தைத் திறந்த வெளியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலித்தபின் அசையாமல் இருபது நிமிடம் காத்திருங்கள்.

கேள்வி (வேக்கோ): எங்கள் ஆட்டுக்குட்டிகளைக் கயோட்டி தூக்கிச் செல்கிறது. சுட்டால் தொல்லை தீருமா?

பதில்: குட்டிகளைத் தூக்கப் பழகிய குறிப்பிட்ட கயோட்டியை அகற்றினால் சில காலம் தீரும். ஆனால் ஒரு வட்டாரத்தில் கயோட்டிகள் குறைந்தால், எஞ்சியவை கூடுதலாகக் குட்டிபோடும், வெளியிலிருந்தும் புதியவை குடியேறும். மொத்தத் தொகையை உண்மையில் குறைக்க ஆண்டுதோறும் சுமார் 75 விழுக்காட்டைக் கொல்ல வேண்டும் என்று 1970களிலேயே ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தனியொரு பண்ணையாளரால் அது ஆகாது. ஆகவே காவல் நாய், மின்வேலி, குட்டி ஈனும் காலத்தில் இரவில் பட்டியில் அடைத்தல் ஆகியவற்றை முதலில் செய்யுங்கள். கிரேட் பிரனீஸ் இன நாய்கள் இரண்டு, ஆடுகளோடு வளர்ந்தவை, எந்த ரைஃபிளையும்விட அதிகக் குட்டிகளைக் காப்பாற்றும்.

கேள்வி (அதே வாசகர்): வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். துப்பாக்கியை எப்படி வைப்பது?

பதில்: தோட்டாவை நீக்கி, இரும்புப் பெட்டகத்தில் பூட்டுங்கள், தோட்டாக்களை வேறிடத்தில் தனியே பூட்டுங்கள். திறவுகோல் எங்கே என்பது பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. பெட்டகத்தின் விலையை ரைஃபிளுக்கான தொகையிலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். செவிக் காப்பையும் அதே பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். ரைஃபிள் ஓசை 140 டெசிபலைத் தாண்டுவது, காப்பில்லாமல் ஒருமுறை கேட்டாலும் செவியைக் கெடுக்கப் போதுமானது.