திரும்பி வரும் பார்சல் யார் கணக்கில்?

கேள்வி: என் மகன் திருப்பூரில் ஒரு கூரியர் நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளாக டெலிவரி வேலை செய்கிறான். அடிப்படைச் சம்பளம் 15,000 உட்பட மொத்தம் 16,000 ரூபாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கையில் சுமார் 14,000 வருகிறது. பெட்ரோலுக்குத் தனியாகப் பணம் தருகிறார்கள். இப்போது போட்டி நிறுவனம் ஒன்று, காங்கேயம், வெள்ளகோவில் பகுதியில் பார்சல் கணக்கில் மாதம் 22,000 வரை எடுக்கலாம் என்று அழைக்கிறது. வண்டியும் பெட்ரோலும் அவன் பொறுப்பு. போகச் சொல்லலாமா?
- ஒரு வாசகி, ஊத்துக்குளி

பதில்: தாயாக நீங்கள் தயங்குவது சரியே. 14,000, 22,000 என்ற இரண்டு தொகைகளையும் நேராக ஒப்பிட முடியாது. இப்போதைய வேலையில் பிடித்தமாகப் போகும் 1,800 ரூபாய் அவருடைய பி.எஃப். கணக்கில்தான் சேர்கிறது; நிறுவனமும் தன் பங்காக 12 சதவீதம், அதாவது இன்னொரு 1,800 ரூபாய் செலுத்த வேண்டும். இ.எஸ்.ஐ.க்கு அவரிடம் 0.75 சதவீதமாக 120 ரூபாய் பிடித்தால், நிறுவனம் 3.25 சதவீதமாக 520 ரூபாய் கட்டுகிறது. ஆகவே அவருக்காகச் செலவாகும் தொகை மாதம் 18,320 ரூபாய். புதிய வேலையில் நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கிடைத்தால், 26 நாளில் 52 லிட்டர் செலவாகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 5,200 ரூபாய். 22,000 முழுதாகக் கிடைத்தாலும் மிஞ்சுவது 16,800தான். டயர், ஆயில், பிரேக் செலவுகளை நான் இன்னும் கழிக்கவில்லை.

அந்த 22,000 முழுதாகக் கிடைக்குமா என்பதுதான் என் பெரிய கவலை. திருப்பூர் ராயபுரத்தில் ஒரே தெருவில் பல பார்சல்களைக் கொடுத்துவிடலாம். காங்கேயம் பக்கத்தில் தோட்டத்துச் சாளைகள், அதாவது தோட்ட வீடுகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. மண் தடத்தில் உள்ளே போய்ச் சேர்ந்தால் வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருப்பார், போன் எடுக்க மாட்டார். பொருளை வாங்காமல் திருப்பி அனுப்பினால் அந்தப் பயணத்துக்குக் கூலி உண்டா? மறுநாள் மீண்டும் போனால்? பல ஆண்டுகள் ஒரு பார்சல் அலுவலகத்தில் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ரிட்டன் பார்சலுக்குக் கூலி கிடையாது என்பதை ஆட்கள் முதல் மாதச் சம்பள நாளில்தான் அறிந்துகொண்டார்கள். வசூல் பணத்தில் குறைந்த தொகையையும் விசாரிக்காமலேயே அலுவலகத்தில் அவர்களுடைய கூலியில் கழித்தார்கள். அந்தச் சீட்டுகளை எழுதிய வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

நேரடி ஊழியர், வெளியாள் என்ற இந்த வேறுபாடு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பார்சல் நிறுவனமான யு.பி.எஸ்.ஸின் வண்டி ஓட்டுபவர்கள் அந்த நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள். டீம்ஸ்டர்ஸ் சங்கம் அவர்களுக்காகப் பேசி ஒப்பந்தம் செய்கிறது. இன்னொரு பார்சல் நிறுவனமான ஃபெடெக்ஸ் தன் தரைவழி டெலிவரியை ஒப்பந்ததாரர்களிடம் விட்டிருப்பதால், அங்கே ஓட்டுநரின் சம்பளமும் சலுகையும் அந்த ஒப்பந்ததாரரைப் பொறுத்தவை.

விபத்தையும் யோசியுங்கள். இப்போது அடிபட்டால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம், வேலைக்குப் போக முடியாத நாளுக்கும் உதவித்தொகை உண்டு. பார்சல் கூலியில் வேலை செய்பவர் வீட்டில் கிடந்தால் அன்று வருமானமே இல்லை. சொந்த உபயோகத்துக்கு எடுத்த வண்டிக் காப்பீட்டில், தொழிலுக்கு ஓட்டினார் என்று சொல்லி இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. தமிழக அரசு 2023இல் அறிவித்த கிக் தொழிலாளர் (டெலிவரி போன்ற வேலைகளை வேலைக்கேற்ற கூலிக்குச் செய்பவர்கள்) நல வாரியத்தில் பதிவு செய்வது நல்லதே; ஆனால் அது இ.எஸ்.ஐ.க்கு ஈடாகாது.

இப்போதைய நிறுவனத்திடமும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: பிடித்த பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று பி.எஃப். பாஸ்புக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டவில்லை என்றால் என் கணக்கே மாறிவிடும். கட்டியிருந்தால், இப்போதைக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. ஐந்து ஆண்டு நிறைந்தால் பணிக்கொடையும் உண்டு.

அவர் மனம் புதிய வேலையிலேயே இருந்தால், ஒரு விடுமுறை நாளில், அங்கே ஏற்கெனவே ஓட்டும் ஒருவருடன் காலை முதல் இரவு வரை வெள்ளகோவில் பாதையில் சென்று வரட்டும். எத்தனை பார்சல் எடுத்தார்கள், எத்தனை திரும்பின, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதிக்கொண்டு வந்து, அந்தத் தாளை உங்களிடம் காட்டட்டும்.