இரண்டு கோர்ட்டிலும் தோற்ற பிறகு ஹைகோர்ட்டில் என்ன கேட்கலாம்?

கேள்வி: அப்பா எழுதியது என்று அண்ணன் ஓர் உயிலைக் காட்டுகிறார். பாகம் கேட்டு நான் போட்ட வழக்கு முன்சீப் கோர்ட்டில் தள்ளுபடி. சப் கோர்ட்டில் அப்பீலும் தள்ளுபடி. ஹைகோர்ட்டில் சாட்சிகளை மறுபடி விசாரிப்பார்களா?
- புதுக்கோட்டை மாவட்ட வாசகி

பதில்: மாட்டார்கள். அங்கேயும் முதலிலிருந்து விசாரிப்பார்கள் என்று நம்பித்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். நீங்கள் போட வேண்டியது இரண்டாம் மேல்முறையீடு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100-வது பிரிவின்படி, வழக்கில் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் அதை எடுத்துக்கொள்வார்கள். 1976-இல் வந்த திருத்தம் இந்த வாசலை இன்னும் குறுக்கிவிட்டது. கேள்வி என்ன என்பதை மனுவிலேயே தெளிவாக எழுத வேண்டும். அப்படி எதுவும் இல்லை என்று நீதிபதி கருதினால், அண்ணனுக்கு நோட்டீஸ்கூடப் போகாமல் கதை முடிந்துவிடும்.

சரி, எது சட்டக் கேள்வி? உங்கள் உயிலையே எடுத்துக்கொள்வோம். "சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் கூண்டில் ஏறிப் பொய் சொன்னார், ஜட்ஜ் நம்பிவிட்டார்" என்பது வெறும் சங்கதி, அதாவது என்ன நடந்தது என்பது பற்றிய கேள்வி. இரண்டு கோர்ட்டும் ஒரே மாதிரி முடிவு செய்த சங்கதியை ஹைகோர்ட் பொதுவாகத் தொடாது. ஆனால் கையெழுத்துப் போட்ட இருவரும் உயிரோடு, வரக்கூடிய நிலையில் இருந்தும், ஒருவரைக்கூட விசாரிக்காமலே உயிலை ஏற்றிருந்தால்? குறைந்தது ஒருவரை விசாரித்தே உயிலை நிரூபிக்க வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம். ரிஜிஸ்டர் செய்த உயிலுக்கும் இதில் விலக்கு இல்லை. இது அசல் சட்டக் கேள்வி. ஆதாரமே இல்லாமல் சொன்ன முடிவும், முக்கியமான ஆவணத்தைக் கண்டுகொள்ளாமல் சொன்ன முடிவும் இந்தக் கணக்கில் வரலாம்.

அதனால் தீர்ப்பில் சாட்சிகள் பட்டியலை முதலில் பாருங்கள். அண்ணன் தரப்பில் யார் யார் என்று உயிலோடு ஒப்பிட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

புதுக்கோட்டை மதுரைக் கிளையின் எல்லையில் வருகிறது. சென்னைக்கு அலைய வேண்டாம். கெடு, சப் கோர்ட் தீர்ப்பிலிருந்து 90 நாள். சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். நகல் தயாரான பிறகு நீங்கள் வாங்காமல் போட்டுவைத்த நாட்களைக் கழிக்க முடியாது. தாமதமானால் தக்க காரணம் காட்டித் தனி மனு போட வேண்டும்.

இன்னொன்று, அப்பீல் போட்டதாலேயே அண்ணன் சொத்தை விற்பது நின்றுவிடாது. இடைக்காலத் தடை கேட்டு, கூடவே ஒரு மனு போடச் சொல்லுங்கள்.